பொத்தைச் சரிவில் ஆவாரை போடலாமா? நாற்றா, விதையா?

மேற்காற்று:
குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, பொத்தை (சின்னப் பாறைக்குன்று) அடிவாரத்தில் அப்பா வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி பாறை, மீதி சரளை. கிணறு கிடையாது. போர் போட்டும் பிரயோசனமில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர்களே சொல்லிவிட்டார்கள். ஆனி ஆடியில் அங்கே அடிக்கிற காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சும்மாவா அத்தனை காற்றாலையை நட்டு வைத்திருக்கிறார்கள். காற்று ஒரு பங்கு மண்ணைக் கொண்டுபோகும். ஐப்பசி மழை மிச்சத்தை ஓடைக்கு இழுக்கும்.

தென்னை, மா என்ற பேச்சை விட்டாச்சு. சரிவில் ஆங்காங்கே ஆவாரை தானாக நிற்கிறது, யாரும் தண்ணீர் விடாமலே பூக்கிறது. அதையே நெருக்கமாக்கினால் மண்ணாவது நிற்குமே என்று யோசனை. ஒரு நர்சரியில் ஆவாரம் நாற்று என்று கேட்டு வாங்கி வைத்தேன். பாதி கருகிவிட்டது. மீதி என் தலைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது, பூவைக் காணோம். பக்கத்தில் தானாக நிற்கிற செடியோடு வைத்துப் பார்த்தால் இலையும் வேறு மாதிரி தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆட்டுத் தொல்லை வேறு உண்டு, வேலி போட வசதியில்லை.

செடிப்பைத்தியம்:
தம்பி, பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி அகலமான சிறு இலை ஒட்டிக்கொண்டிருக்கும். உதிராமல் நிற்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 1753-இல் லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் 'ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்ததே அந்தக் காதைப் பார்த்துத்தான். அடுத்தது, கூட்டிலையின் நடு நரம்பில் ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவே ஒரு சின்ன முளை நீட்டிக்கொண்டிருக்கும். அது சுரப்பி. எறும்பு அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் மஞ்சள் கொன்றை. அது மரம். சாலையோரம் நிழலுக்கு வைப்பார்கள். பூவும் மஞ்சள், தாவரப் பேரினமும் அதே சென்னா, நாற்றில் பார்த்தால் பழகாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காய் வந்தால் சந்தேகமே இருக்காது. ஆவாரைக் காய் ஒரு விரல் நீளத்துக்குத் தட்டையாக, காய்ந்தால் காகிதம் மாதிரி சலசலக்கும். கொன்றைக் காய் அரை அடிக்கு மேல் போகும்.

மேற்காற்று:
பார்த்தேன் டீச்சர். காது இல்லை, முளையும் இல்லை. பக்கத்தில் தானாக நிற்கிற செடியில் இரண்டும் இருக்கிறது, எறும்பு உட்பட. நர்சரியில் போய்க் கேட்டதற்கு 'இதுவும் ஆவாரம் வகைதான் சார், இன்னும் பெருசா வரும்' என்கிறார்கள். சரி, அதை விடுவோம்.

தாழக்குடிக்காரன்:
மக்கா, ஆவாரைக்கு நர்சரிக்குப் போனதுதான் வேடிக்கை. குளத்தங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கேட்பாரில்லாமல் காய்ச்சுத் தொங்குகிறது.

தை கடைசியிலிருந்து பங்குனி வரை காய் காயும். பச்சை போய்ப் பழுப்பான பிறகு உருவி எடு. வெயிலில் போட்டுக் கசக்கினால் விதை உதிரும். உதிர்ந்ததை அப்படியே சாக்கில் கட்டி வைத்துவிடாதே. பாதி விதையில் வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஓட்டை விழுந்ததைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, மிச்சத்தை வேப்பிலை போட்டு மண் கலயத்தில் வை.

நாற்று வேண்டாம். ஆவாரை முதலில் வேரைத்தான் கீழே அனுப்பும், மேலே ஒன்றும் தெரியாது. பாக்கெட்டில் வளர்த்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்தச் செடியைச் சரளையில் கொண்டு வைத்தால் கோடையில் வேர் கீழே எட்டாமல் கருகும். உன் நாற்றில் பாதி போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும், அது கொன்றையாகவே இருந்தாலும். புரட்டாசி கடைசியில் முதல் ஈரம் கண்டதும் விதையை நேரே மண்ணில் போடு.

மேற்காற்று:
அண்ணாச்சி, ஊறவைக்க வேண்டுமா? தோல் கல் மாதிரி இருக்கிறது.

தாழக்குடிக்காரன்:
வேண்டும். அப்படியே போட்டாலும் முளைக்கும், ஆனால் அது நினைத்த வருசத்தில் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் பொறுத்து விதையில் ஊற்று. ராத்திரி முழுக்க அதிலேயே கிடக்கட்டும். காலையில் உப்பியதை விதை, உப்பாததற்கு மறுபடி அதே வைத்தியம். அடுப்பில் வைத்தே கொதிக்க விட்டால் விதை வெந்துபோகும், அதை மட்டும் செய்யாதே.

பள்ளம் என்று பெரிதாகத் தோண்டாதே. தோண்டிய மண்தான் முதல் மழையில் ஓடும். சரிவுக்குக் குறுக்கே கையில் கிடைக்கிற கல்லை ஒரு சாண் உயரம் அடுக்கு. கல்லுக்கு மேல்பக்கம் கொத்திவிட்டு நாலைந்து விதை. மழையில் வருகிற வண்டல் கல்லில் தங்கும், செடி அதைப் பிடித்துக்கொள்ளும். எருவும் வேண்டாம்.

அருமனை ரப்பர்:
நல்ல திரி. எங்களுக்கு அருமனைப் பக்கம், ரப்பருக்கு நடுவே கொஞ்சம் காலி இடம் கிடக்கிறது. ஆவாரம்பூவுக்கு இப்போது நல்ல கேட்பு இருக்கிறதே, இங்கே போட்டால் வருமா?

செடிப்பைத்தியம்:
உயிரோடு இருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற பூ வராது. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். ரப்பர் நிழலில் நெடுநெடுவென்று மெலிந்து நிற்கும். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் உங்கள் விளவங்கோட்டுப் பக்க மழை வேறு, தோவாளை அகஸ்தீஸ்வரம் பக்க மழை வேறு. உங்கள் பக்கத்துக்கு நம் ஊர்ச் செடியே வேண்டுமென்றால் தெச்சி (இட்லிப்பூ) வையுங்கள். கோயிலுக்கும் ஆகும், தேன்சிட்டும் வரும்.

ஈரோட்டு மருமகள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கல்யாணமாகி நாகர்கோவில் வந்தவள் நான். எங்கள் ஊரில் போகி அன்றைக்கு ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் சொருகுவோம். காப்புக் கட்டு என்று சொல்வோம். இங்கே எங்கள் தெருவில் யாரும் செய்து பார்க்கவில்லை, கேட்டால் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். தோவாளைச் சந்தையில் உலகத்துப் பூவெல்லாம் கிடைக்கிறது, ஒரு கொத்து ஆவாரம்பூ கிடைக்கவில்லை. எங்கே பறிக்கலாம்? மருந்துவாழ்மலைக்குப் போனால் உண்டா?

தாழக்குடிக்காரன்:
அம்மா, அதற்கு மலை ஏற வேண்டாம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும். மார்கழியில் நன்றாகவே பூத்திருக்கும். நாலு கொத்து ஒடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

செடிப்பைத்தியம்:
ரோட்டோரம் சரி. காட்டுக்குள் போய் மட்டும் ஒடிக்காதீர்கள். மாவட்டத்து மலைக்காட்டில் பெரும்பகுதி 2008-லிருந்து வனவிலங்குச் சரணாலயம். அதற்குள் அனுமதி இல்லாமல் செடி, விதை எதை எடுத்தாலும் 1972 சட்டப்படி குற்றம். மேற்காற்று தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விதை உங்கள் நிலத்துச் செடியிலிருந்தே எடுங்கள். அந்தக் காற்றுக்கும் அந்தச் சரளைக்கும் பழகிய விதை வேறு எங்கே கிடைக்கப்போகிறது?

மருந்துவாழ்மலையைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள், நாராயண குரு தவம் இருந்த குகையும் அங்கே இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி, வருகிறவர் எல்லாம் மூலிகை என்று எதையாவது பிடுங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பிடுங்கியது என்ன செடி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

கோட்டாற்று மருந்துக்கடை:
என் கடையில் தினமும் நடக்கிற கூத்து இது. சிலர் பறித்துக்கொண்டு வந்து 'அண்ணே, ஆவாரம்பூ வாங்கிக்கிடுதியளா' என்று கேட்பார்கள். மூட்டையை அவிழ்த்தால் மஞ்சள் கொன்றைப் பூ. ஒரு தடவை மூட்டை முழுக்கப் பேயாவிரை.

பேயாவிரையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் கவனியுங்கள். மழை முடிந்ததும் தரிசில், குப்பைமேட்டில் முளைக்கும். சிற்றிலை நாலைந்து சோடிதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் கெட்ட நாற்றம். ஆவாரையில் எட்டு முதல் பன்னிரண்டு சோடி, நுனி மழுங்கல். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பக்கத்து மாவட்டங்களில் சின்னக் குழந்தைகள் பேயாவிரை விதையைத் தின்று, கல்லீரலும் மூளையும் தசையும் பாதித்து இறந்திருக்கிறார்கள். ரொம்ப வருசம் அதை மூளைக்காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். காரணம் இந்தச் செடி என்று மருத்துவர்கள் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

ஈரோட்டு மருமகள்:
அய்யோ. எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே அந்த நாற்றச் செடி நிற்கிறது என்று நினைக்கிறேன். நாளைக்கே பிடுங்கச் சொல்கிறேன்.

அப்படியே இன்னொன்று அண்ணா. மாமாவுக்குச் சர்க்கரை. யாரோ சொல்லி, காலையில் ஆவாரம்பூ கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கிறார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கேட்டால் 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பாடுகிறார்.

கோட்டாற்று மருந்துக்கடை:
அந்தப் பழமொழியை வைத்து வியாபாரம் செய்கிறவன் நான், இருந்தாலும் சொல்கிறேன். மாமாவை முதலில் மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் பூத்தண்ணீர் குடிப்பதையும் சொல்லச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் உண்டு, உண்மைதான். ஆனால் அது வெறும் ஆவாரம்பூ இல்லை. ஆவாரையோடு சரக்கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் சேர்ந்த கசாயம். அதையும் நாடி பார்த்து, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். காய்ந்த பூவைப் பாக்கெட்டில் போட்டு 'சுகர் டீ' என்று ஒட்டியிருப்பதும் அதுவும் ஒன்றல்ல. சர்க்கரையைக் குறைக்கிற தன்மை இருக்கிறது என்றுதான் எலியில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. அந்தத் தன்மை இருப்பதால்தான் மாத்திரையோடு சேரும்போது கவனம் வேண்டும் என்கிறேன். ரெண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தரையில் இறக்கிவிட்டால் வயதானவர் தாங்க மாட்டார்.

செடிப்பைத்தியம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. இலங்கையில் இதை ரணவரா என்று சொல்லித் தினசரி தேநீர் போலக் குடிக்கிறார்கள். அதனால் அங்கே இதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின் மருந்தோடு இதையும் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நெறியாளர்:
மருந்துப் பேச்சு இத்தோடு போதும். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற பதிவுகள் வந்தால் நீக்கப்படும். செடிக்குத் திரும்புங்கள்.

கருவண்டு:
நெறியாளர் வந்ததும் நல்லதாகப் போயிற்று. பூச்சி பற்றி யாருமே பேசவில்லையே.

இந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுகூட. வருகிற பூச்சிக்குக் கூலி மகரந்தம் மட்டும்தான், அதையும் சும்மா எடுக்க முடியாது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து பொடியைக் கொட்டும். ஆவாரையில் பையின் நுனியில் மட்டும் சிறு துளை, உப்புக் குப்பிக்கு இருப்பது மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். மரத்தில் துளை போடுகிற பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடிக்கும். சிறகை அடிக்காமல் சிறகுத் தசையை மட்டும் அதிரவிடும், 'ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு குரல் கேட்கும், பறக்கிற சத்தத்தைவிடக் கூர்மையாக. அந்த அதிர்வில் மகரந்தம் தெறிக்கும். நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் இதைச் செய்யும். நம் வீட்டுத் தேனீப் பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, அது வந்தால் கீழே சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

மகரந்தப்பை எல்லாம் ஒரே அளவு இல்லை என்பதையும் கவனியுங்கள். மேலே மூன்று மலடு. நடுவில் உள்ளவை குட்டை, வண்டு பிடித்துக் குலுக்குவது அவற்றைத்தான். கீழே நீண்டு வளைந்து நிற்பவை, வண்டு நடுவில் மும்முரமாக இருக்கும்போது அதன் உடம்பில் பொடி பூசிவிடும். அந்தப் பொடிதான் அடுத்த செடிக்குப் போகிறது. வெயில் ஏறும் முன் போய் நின்று பாருங்கள், கேமரா தேவையில்லை, காது போதும்.

மேற்காற்று:
அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். குளவி என்று நினைத்து ஒதுங்கிப் போவேன்! ஒரு சந்தேகம். செடியில் பச்சைப் புழு நிறைய. மருந்து அடிக்கவா?

கருவண்டு:
அடிக்கவே அடிக்காதீர்கள். கொன்னை வெள்ளையன் வகைப் பட்டாம்பூச்சிகளுக்கும், தரையோரம் பறக்கிற சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிக்கும் இதுதான் பிள்ளைத்தொட்டில். புழு மொட்டையடித்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். மருந்து அடித்தால் கருவண்டும் போகும், அப்புறம் காயும் இல்லை, விதையும் இல்லை.

ஐதராபாத் நாஞ்சிலான்:
வேலைக்கு வந்து இங்கே தங்கிவிட்ட பூதப்பாண்டிக்காரன். இங்கே இதற்குத் தங்கேடு என்று பெயர், தெலங்கானாவின் மாநிலப் பூ. பதுக்கம்மா பண்டிகைக்குத் தட்டில் அடுக்கடுக்காக இதைத்தான் அடுக்குகிறார்கள், அந்த வாரம் சந்தையில் கட்டுக் கட்டாக விலைக்கு வரும். ஊரில் ஆடு மேய்க்கிற இடத்தில் கிடந்த பூவுக்கு இங்கே இருக்கிற மரியாதையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. நம்மவர்கள் மட்டும் என்ன, சங்கப் பாட்டில் காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரைக்கு ஆவிரை மாலை போட்டுத் தெருவில் ஏறி வந்திருக்கிறான். மல்லிகையா கிடைக்காமல் போயிற்று அவனுக்கு?

தாழக்குடிக்காரன்:
ஆடு என்றதும் ஓர்மை வந்தது. மேற்காற்று முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மக்கா, ஆட்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஆடும் மாடும் ஆவாரையைத் தொடாது. பட்டினி கிடந்தால் ஒரு வாய் கடித்துப் பார்க்கும், அவ்வளவுதான். வேலிச் செலவு மிச்சம். ஒன்றரை ஏக்கரையும் ஆவாரையாலேயே நிரப்பிவிடு.

செடிப்பைத்தியம்:
அண்ணாச்சி, விதைப்பு பற்றிச் சொன்னதெல்லாம் தங்கம். இந்தக் கடைசி வரியில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆடு தொடாது என்பதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பொத்தையில் எங்கு பார்த்தாலும் ஆவாரையும் விராலியும் மட்டும் நிற்கிறது என்றால், ஆடு தொடுகிற செடி எல்லாம் தின்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டையும் ஆடு கடிக்காது, அதனால் மிஞ்சின. மஞ்சளாகப் பூத்திருக்கிறதே, மலை செழிப்பாக இருக்கிறது என்று படம் பிடித்துப் போடுகிறோம். உண்மையில் அது நொந்துபோன மலை. காற்றாடிமலைச் சரிவிலோ தாடகை மலை அடிவாரத்திலோ ஆடு ஏற முடியாத பாறை இடுக்கைப் போய்ப் பாருங்கள். ஆவாரை இருக்கும், கூடவே களா, காரை, சூரை, இலந்தை, மேலே ஏறுகிற கொடி, அடியில் புல் எல்லாம் இருக்கும். அதுதான் அந்த மலையின் இயல்பு.

தாழக்குடிக்காரன்:
டீச்சர், படிப்பு வேறு, நிலம் வேறு. வேலி இல்லாத இடத்தில் களாவும் இலந்தையும் வைத்தால் எந்த ஆடு விட்டு வைக்கும்? ஆடு தின்னாததை வைத்தால்தான் மண்ணில் ஏதாவது நிற்கும். மண் நின்றால்தான் மற்றது. என் பாட்டா காலத்தில் வயலுக்குத் தழை வேண்டும் என்று வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பொத்தையில் ஆவாரந்தழை வெட்டுவார்கள். வெட்ட வெட்டத் துளிர்த்தது. இப்போது யூரியா வந்த பிறகு தழை வெட்ட ஆளில்லை, அதனால் செடி கூடியிருக்கிறது. எல்லாப் பழியையும் ஆட்டின் தலையில் போடாதீர்கள்.

செடிப்பைத்தியம்:
தழை வெட்டியது நிஜம், அதை மறுக்கவில்லை. வெட்டினால் துளிர்க்கிற குணத்தை வைத்து ஒரு தொழிலே நடந்திருக்கிறது. ஆவாரம்பட்டையில் துவர்ப்பு அதிகம், தோல் பதனிட ஏற்றது. சென்னை மாகாணத்திலிருந்து பாதி பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போன காலத்தில் அந்தத் தோலுக்கு ஊட்டியது பெரும்பாலும் இந்தப் பட்டையைத்தான். காட்டிலும் தரிசிலும் வெட்டி, உரித்து, கட்டுக் கட்டாகத் தோல் கிடங்குகளுக்கு அனுப்பினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப் பட்டை வந்தது, அதற்குப் பின் குரோமியம் வந்தது. ஆவாரை தப்பித்தது, ஆனால் குரோமியக் கழிவு போன ஆற்றுக்கரைக்காரர்களைக் கேட்டால் பழைய பட்டையே தேவலை என்பார்கள்.

இன்னொரு தப்பு எண்ணமும் உலவுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரைக் குடும்பம், அதனால் வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். ஆவாரை வேரில் அந்த முடிச்சு கிடையாது. தழையை வெட்டி மண்ணில் போட்டால் சத்து சேரும், நிற்கிறபோது சேராது. தழைச்சத்து வேண்டுமென்றால் நடுநடுவே கொழிஞ்சி தூவுங்கள், அதன் வேரில் முடிச்சு உண்டு. அதுவும் இதே சரளையில் வரும், ஆடும் அவ்வளவாக வாய் வைக்காது.

தாழக்குடிக்காரன்:
கொழிஞ்சிக்கு நானும் கை தூக்குகிறேன்.

மேற்காற்று:
அண்ணாச்சி, டீச்சர், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இப்படித் தோன்றுகிறது: முதலில் ஓரம் முழுக்க ஆவாரையும் விராலியும் நெருக்கமாக. அது உயர்ந்து ஆடு எளிதில் நுழைய முடியாமல் ஆன பிறகு, ஆவாரைப் புதரின் நடுவிலேயே களா, இலந்தை விதையைப் போட்டால்? ஆடு ஆவாரைக்குள் வாயை நுழைத்துத் தேடுமா?

செடிப்பைத்தியம்:
அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே வந்துவிட்டீர்கள். மலையில் இயற்கையாக நடப்பதும் அதுதான். ஆடு தின்னாத புதரின் அடியில் குருவி எச்சத்தில் விழுந்த விதை முளைத்து, புதரை முட்டிக்கொண்டு மேலே வரும். நிழலும் கிடைக்கும், ஆட்டுக்கும் தெரியாது. ஆவாரையைச் செவிலியாக வையுங்கள், ஊர்முழுக்க அதுவே ஆள வேண்டாம். புதர் வடிவம் வருவதற்கு இரண்டு மூன்று மழை தாண்ட வேண்டும், அதற்குள் களாவுக்கு அவசரப்படாதீர்கள்.

தாழக்குடிக்காரன்:
இதற்கு நானும் சம்மதம். ஆனால் காற்று வருகிற மேற்குப் பக்கம் இரட்டை வரிசையாகப் போடு. ஆடிக் காற்றில் ஒற்றை வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளரும். காற்று முடிந்து, மழைக்கு முன்னால் வெட்டோத்தியால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெட்டு வெட்டினால் அடியிலிருந்து பல கிளை வெடிக்கும். வெட்டிய தழையைக் கல் வரிசைக்கு மேல்பக்கம் போட்டுவிடு.

தீயைப் பற்றியும் யோசி. மாசி, பங்குனியில் பொத்தையில் காய்ந்த புல்லுக்கு யாராவது பீடியைப் போட்டுவிட்டுப் போவார்கள். சுற்றிலும் ஒரு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வை. பெரிய ஆவாரை எரிந்தாலும் அடியிலிருந்து வரும், முதல் வருசக் கன்று வராது.

அருமனை ரப்பர்:
அந்தக் கொன்றை மரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் மேற்காற்று? காசு கொடுத்து வாங்கியது.

மேற்காற்று:
ஓரமாக நிற்கிற இரண்டை நிழலுக்கு விடலாம் என்று இருக்கிறேன். பூத்த பிறகு பார்ப்போம்.

செடிப்பைத்தியம்:
பூத்ததும் காயைக் கட்டாயம் பாருங்கள். தட்டையாக இருந்தால் மஞ்சள் கொன்றை, இருந்துவிட்டுப் போகட்டும். உருண்டு நீளமாக இருந்தால் உடனே வெட்டி, வேரையும் தோண்டி எடுங்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ். முதுமலையில் அழகுக்கு வைத்த மரம் காட்டுக்குள் புகுந்து, இப்போது வனத்துறை ஆள் வைத்து வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் நிலத்துக்கு மேலே காடு.

மேற்காற்று:
சரி டீச்சர், காய் வந்ததும் படம் போடுகிறேன். பக்கத்துச் செடியில் இப்போதே காய் பழுத்து நிற்கிறது, இந்த ஞாயிறு உருவப் போகிறேன். எனக்குத் தேவைக்கு மேல் வரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தரிசு வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஈரோட்டு அக்கா, மார்கழி கடைசியில் உங்களுக்கு ஒரு கட்டுப் பூ வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து தருகிறேன்.

ஈரோட்டு மருமகள்:
ரொம்ப நன்றி தம்பி. பூளைப்பூவும் அங்கே நின்றால் சேர்த்துப் பிடுங்கி வாருங்கள்.

கோட்டாற்று மருந்துக்கடை:
பூளை என்றால் சிறுபீளைதானே? அது என் கடைக்குப் பின்னாலேயே கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாத்திரை விஷயத்தை நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.